55 கிலோமீட்டர்தானே என்கிறார்கள்: பாலக்காட்டிலிருந்து கோவைக்கு ஸ்டோரேஜ் பெட்டிகளைக் கொண்டுபோவது எப்படி?

#1 பாலக்காட்டுக் காற்று
ஜூன் 18, இரவு 9.40

வணக்கம். பாலக்காடு சந்திரநகரில் ஒரு ஸ்கேன் மையத்தின் கணினிப் பிரிவைக் கவனித்துவருகிறேன். பத்து ஆண்டுகளாகச் சேர்ந்த எம்.ஆர்.ஐ., சி.டி. படங்கள் எல்லாம் எங்கள் கட்டடத்தின் இரண்டாவது மாடியில், ஒரு சிறிய ஏ.சி. அறைக்குள் இருக்கின்றன. கட்டடத்தை அடுத்த மாதம் காலி செய்தாக வேண்டும். கோவையில், அவிநாசி சாலைப் பக்கம், ஒரு டேட்டா சென்டரில் வாடகைக்கு இடம் எடுத்துவிட்டோம்.

போக வேண்டியவை: 84 டிஸ்க் கொள்ளும் 5 யு (யு என்பது ரேக்கில் உயரத்தை அளக்கும் அலகு) பெட்டி ஒன்று, 24 டேப் கொள்ளும் லைப்ரரி ஒன்று, சர்வர் நான்கு, இவை எல்லாம் நிற்கும் 42 யு ரேக். உள்ளே இருக்கும் தரவு ஏறத்தாழ 210 டெராபைட்.

எங்கள் நிர்வாகி கைவிரலில் எண்ணிக் காட்டுகிறார்: கஞ்சிக்கோடு, வாளையார், எட்டிமடை, கோவை. "மொத்தம் 55 கிலோமீட்டர். ஒரு டெம்போவைப் பிடி, ரேக்கை அப்படியே தூக்கி வை, மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடு." வெளியே ஆனி மாத மழை கொட்டுகிறது. கம்பெனி கொடுத்த மூல அட்டைப் பெட்டிகளை வந்த ஆண்டே பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார்கள். எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை.


#2 எட்டிமடை
ஜூன் 18, இரவு 10.25

ஸ்டோரேஜ் பெட்டிகளைப் பிரித்து மாட்டுவதுதான் 19 ஆண்டுகளாக என் பிழைப்பு. முதலில் உங்கள் நிர்வாகிக்கு ஒன்றைச் சொல்லுங்கள். நான் பார்த்த சேதங்களில் ஒன்றுகூட நெடுஞ்சாலையில் நடந்ததில்லை. எல்லாம் முதல் ஐம்பது அடியிலும் கடைசி ஐம்பது அடியிலும்தான். 55 கிலோமீட்டர் என்றாலும் 5,500 கிலோமீட்டர் என்றாலும் அந்த நூறு அடி மாறாது.

என் கண்ணெதிரே நடந்தது: ஒரு அலுவலகத்தில் பாதி நிரம்பிய ரேக்கை அதன் சொந்தச் சக்கரத்திலேயே உருட்டி லிஃப்டுக்குள் ஏற்றினோம். லிஃப்ட் தரைக்கும் மாடித் தரைக்கும் நடுவே இரண்டு விரல் அகல இடைவெளி. முன்சக்கரம் இரண்டும் தாண்டிவிட்டன. பின்சக்கரம் ஒன்று அந்தப் பள்ளத்தில் "டக்" என்று இறங்கியது. ரேக் சாயக்கூட இல்லை. ஒருவர் சிரித்தார். மறுநாள் பெட்டியை ஓட்டினால் கீழ்த்தட்டில் இருந்த மூன்று டிஸ்குகள் எழவில்லை. நாற்பது ரூபாய்க்கு ஒரு இரும்புத் தகடு வாங்கி அந்த இடைவெளியில் போட்டிருந்தால் போதும். அன்றிலிருந்து என் பையில் தகடு இல்லாமல் நான் வேலைக்குப் போவதில்லை.

டிஸ்க் ஓடாமல் இருக்கும்போது அதன் படிக்கும் தலை தட்டிலிருந்து விலகி ஒதுங்கி நிற்கிறது. அதனால் அப்போது அது தாங்கும் அதிர்ச்சி அதிகம். பெரிய டிஸ்குகளின் விவரத்தாளில் 200 முதல் 300 ஜி (ஜி என்பது புவியீர்ப்பின் மடங்கு) வரை போட்டிருப்பார்கள், அதுவும் 2 மில்லிவிநாடிக்கு. அடேயப்பா என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள். மேசை உயரம், 75 சென்டிமீட்டரிலிருந்து ஒரு டிஸ்க் கிரானைட் தரையில் விழுகிறது. ஒரு மில்லிமீட்டர் தூரத்தில் நின்றுவிடுகிறது. உயரத்தை நிற்கும் தூரத்தால் வகுத்தால் சராசரி 750 ஜி. அதே டிஸ்க் மூன்று சென்டிமீட்டர் அமுங்கும் ஸ்பாஞ்சில் விழுந்தால் 25 ஜி. உச்சம் அதைப்போல இரு மடங்கு என்றே வைத்தாலும் பிழைத்துவிடும். பேக்கிங் என்ற கலை முழுவதும் இந்த ஒரு வகுத்தலில் அடங்கிவிடுகிறது.

ஆகவே டிஸ்குகளை உள்ளே வைத்துக்கொண்டு பெட்டியைத் தூக்காதீர்கள். ஒரு டிஸ்க் 700 கிராம் என்றால் 84-க்கு 59 கிலோ. நிரம்பிய பெட்டி 130 கிலோவைத் தொடும். நான்கு பேர் தூக்கினாலும் யாராவது ஒருவர் விரல் வழுக்கும். தயாரிப்பாளர்களே இந்த அளவுப் பெட்டிகளை டிஸ்க் தனியாக, பெட்டி தனியாகத்தான் அனுப்புகிறார்கள்.


#3 சேமிப்புச் சண்டியர்
ஜூன் 18, இரவு 11.02

எதற்கு இந்தப் பாடு? இணையம் வழியாகவே அனுப்பிவிட்டு, கோவையில் புதுப் பெட்டி வாங்கிக்கொள்ளலாமே. 2025-ஐத் தாண்டியும் இரும்பைச் சுமந்துகொண்டு திரிகிறோம்.


#4 பாலக்காட்டுக் காற்று
ஜூன் 19, காலை 7.15

புதுப் பெட்டிக்கு நிர்வாகி பணம் தருவார் என்றால் நான் இங்கே இழை தொடங்கியிருக்கவே மாட்டேன், சண்டியரே. எங்களுக்கு இருப்பது 200 மெகாபிட் இணைப்பு. ஒரு நொடிகூட ஓயாமல் முழு வேகத்தில் போனாலும் 210 டெராபைட்டுக்கு 97 நாள் ஆகும். ஒரு கிகாபிட் இருந்தாலே 19 நாளுக்கு மேல். வண்டி ஒன்றரை மணி நேரத்தில் போய்விடுகிறது.


#5 எட்டிமடை
ஜூன் 19, காலை 7.50

கணக்கு சரி. ஆனால் கேட்க வேண்டிய முதல் கேள்வியை நேற்று நான் விட்டுவிட்டேன். நகல் இருக்கிறதா? நேற்றைய நகலை, கடந்த மாதத்து நகலை எல்லாம் நான் கேட்கவில்லை. எடுத்துத் திறந்து, நாலைந்து படங்களை மீட்டுப் பார்த்த நகல் வேண்டும்.


#6 பாலக்காட்டுக் காற்று
ஜூன் 19, காலை 8.05

டேப்பில் வாரம் ஒருமுறை புதிதாக வந்தவை மட்டும் ஏறுகின்றன. முழு நகல் எடுத்து இரண்டு ஆண்டுகள் இருக்கும். மீட்டுப் பார்த்ததில்லை. திட்டாதீர்கள்.


#7 டேப் கிழவர்
ஜூன் 19, காலை 10.30

திட்டவில்லை தம்பி, இன்றே தொடங்குங்கள். உங்களிடம் இருப்பது எல்.டி.ஓ-8 வகை டேப் என்று வைத்துக்கொள்கிறேன். சுருக்காமல் ஒரு டேப்பில் 12 டெராபைட். ஸ்கேன் படங்கள் பெரும்பாலும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. பெட்டியில் அச்சடித்திருக்கும் பெரிய எண்ணை நம்பாதீர்கள். 210-க்கு 18 டேப். அரை உயர டிரைவ் நொடிக்கு 300 மெகாபைட் எழுதும். எங்கும் தடங்காமல் ஓடினாலும் எட்டு நாள். மீட்டுப் பார்க்க இன்னும் சில நாட்களை ஒதுக்குங்கள். மறையாக்கத்தை (சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி மாற்றி எழுதுவதை) இயக்கிவிட்டு எழுதுங்கள். எல்.டி.ஓ-4 காலத்திலிருந்தே டிரைவுக்குள் அந்த வசதி இருக்கிறது. சாவியை அதே பையில் போட்டு அனுப்புகிறவர்களும் உண்டு. வீட்டைப் பூட்டிச் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவதுபோல.

அந்த 18 டேப்பும் டிஸ்க் போகும் வண்டியில் போகக் கூடாது. இரண்டு நாள் முன்னதாகக் காரில், நீங்களே மடியில் வைத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள். மூலமும் நகலும் ஒரே வண்டியில் ஏறினால், நகல் எடுத்த எட்டு நாளும் வீண்.

லைப்ரரியைப் பற்றி: உள்ளே டேப்பை எடுத்து வைக்கும் ரோபோக் கை இருக்கிறது அல்லவா, அதைப் பயணத்தின்போது அசையாமல் பிடிக்க ஒரு பூட்டு கொடுத்திருப்பார்கள். பல மாடல்களில் அந்தப் பூட்டை, பொருத்திய அன்றே கழற்றி, பெட்டியின் பின்பக்கத்திலேயே சொருகி வைத்திருப்பார்கள். தேடிப் பாருங்கள். அது இல்லாமல் தூக்கினால் கை இப்படியும் அப்படியும் மோதி, தண்டவாளத்தை வளைத்துவிடும். டேப்புகளை முன்பே வெளியே எடுத்துவிடுங்கள். டிரைவுக்குள் ஒன்றும் சிக்கியிருக்கக் கூடாது.

மழையைப் பற்றி எல்லோரும் தார்ப்பாய் என்பார்கள். எனக்குப் பயம் வேறு. ஏ.சி. அறையிலிருந்து வெளியே வந்ததும் உங்கள் மூக்குக்கண்ணாடி மங்குகிறதா? அதுதான். ஆனி மாதத்துப் பாலக்காட்டில் 30 டிகிரி வெப்பமும் 85 விழுக்காடு ஈரமும் இருந்தால், அந்தக் காற்றின் பனிநிலை, அதாவது அதன் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 27 டிகிரி. உங்கள் இரும்பு 22 டிகிரியில் இருக்கிறது. வாசலைத் தாண்டிய மறுநிமிடம் சர்க்யூட் பலகை மீதெல்லாம் வேர்த்துவிடும். கோவைக்குப் போன பிறகுதான் பனி பிடிக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். பனி பிடிப்பது இங்கே, உங்கள் அறை வாசலில்.

வழி எளிது. குளிர்ந்த அறைக்குள்ளேயே எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, காற்றுப் புகாமல் ஒட்டிவிடுங்கள். பனி உறையின் வெளிப்புறத்தில் பிடிக்கும், பிடிக்கட்டும். போய்ச் சேர்ந்த பின் உறையைப் பிரிக்காமல் அந்த அறையிலேயே விட்டு, வெப்பநிலை ஒன்றாகும்வரை பொறுங்கள். டிஸ்க் மணிக்கு 20 டிகிரி மாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளும். டேப்புக்கு ஆஷ்ரே என்ற குளிர்சாதனப் பொறியாளர் அமைப்பு சொல்வது மணிக்கு 5 டிகிரிதான். டேப்பை ஒரு நாள் முழுவதும் புது அறையில் தூங்கவிடுங்கள்.


#8 வாளையார் இரவு வண்டி
ஜூன் 19, பிற்பகல் 3.10

வண்டிக்காரன் பேசலாமா? 1998 முதல் இந்தச் சாலையில் ஓட்டுகிறேன். இப்போது சொந்தமாக மூன்று வண்டிகள்.

டெம்போ வேண்டாம். சின்ன வண்டியில் பாரம் குறைவாக இருந்தால் அடியில் இருக்கும் வில்பட்டை அமுங்காது; ஒவ்வொரு பள்ளத்துக்கும் பொருள் ஒரு முழம் துள்ளும். உங்கள் ரேக்கும் பெட்டியும் சேர்ந்தாலும் அரை டன்னைத் தாண்டாது. காற்று சஸ்பென்ஷன் வைத்த மூடிய வண்டி கோவையில் கிடைக்கும். கூலி அதிகம், கேட்டவுடன் உங்கள் நிர்வாகிக்கு நெஞ்சு வலிக்கும். கிடைக்கவில்லை என்றால் வில்பட்டை வண்டியிலேயே, பின்னால் ஏற்றி இறக்கும் ஹைட்ராலிக் தட்டு இருப்பதாகப் பார்த்து எடுங்கள். பொருளை வண்டியின் நடுப்பகுதிக்கும் முன்பக்கத்துக்கும் இடையில் வையுங்கள். பின் அச்சைத் தாண்டித் தொங்கும் கடைசி நான்கு அடியில்தான் ஆட்டம் அதிகம். பஸ்ஸில் கடைசி இருக்கையில் உட்கார்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கயிறு கட்டாதீர்கள். ராட்செட் பட்டை போடுங்கள், இரண்டு உயரத்தில். ரேக்கின் சக்கரத்தில் பாரம் நிற்கக் கூடாது. பலகைத் தட்டின் மீது ஏற்றிச் சக்கரத்தைத் தரையிலிருந்து விடுவியுங்கள்.

வாளையார் வரை சாலை நன்றாக இருக்கிறது. எட்டிமடை தாண்டி மதுக்கரையில் நீலாம்பூர் பைபாஸுக்குத் திரும்புகிறீர்கள் அல்லவா, அந்த 28 கிலோமீட்டர் இரு வழிச் சாலையில்தான் பொறுமை வேண்டும். முந்தும் அவசரத்தில் எதிரே வருபவன் திடீரென்று பிரேக் போட வைப்பான். ஞாயிறு விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினால் யாரும் இருக்க மாட்டார்கள். ஆடி பிறந்துவிட்டால் கணவாய்க் காற்று வேறு. தார்ப்பாய் வண்டியில் பாய் படபடத்து உள்ளே தண்ணீர் அடிக்கும். மூடிய வண்டியே எடுங்கள்.

முன்பெல்லாம் வாளையார் செக்போஸ்டில் வண்டிகள் கிலோமீட்டர் கணக்கில் நின்றிருக்கும். சமைத்துச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, துணி துவைத்துக் காயப்போட்ட நாட்கள் உண்டு. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்ததோடு அது போயிற்று. ஆனால் இ-வே பில் (சரக்கைக் கொண்டுபோவதற்கான ஜி.எஸ்.டி. மின்னணுச் சீட்டு) இல்லாமல் வராதீர்கள். எங்கேயாவது ஓரங்கட்டி நிறுத்தினால் வெயிலில் காய்வது என் வண்டியும் உங்கள் டிஸ்கும்தான்.


#9 பாலக்காட்டுக் காற்று
ஜூன் 19, இரவு 8.20

விற்கிற சரக்கு இல்லையே அண்ணா, எங்கள் சொந்தப் பொருள்தானே. அதற்கும் இ-வே பில் வேண்டுமா?


#10 வாளையார் இரவு வண்டி
ஜூன் 19, இரவு 9.00

50,000 ரூபாய் மதிப்பைத் தாண்டி மாநில எல்லையைக் கடந்தால் வேண்டும். விற்பனை இல்லை என்றால் பில்லுக்குப் பதில் டெலிவரி சலான் போடுங்கள். காரணம் சொந்தப் பயன்பாடு. சேமிப்புப் பெட்டிக்கு எச்.எஸ்.என். என்ற பொருள் குறியீடு 8471 வரிசை. ஆனால் உங்கள் நிறுவனத்துக்குத் தமிழ்நாட்டில் தனி ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் கதை வேறு. இரண்டு பதிவும் சட்டத்தின் கண்ணில் இரண்டு ஆட்கள். ஆடிட்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். 200 கிலோமீட்டர் வரை ஒரு நாள் செல்லுபடியாகும். அது மறுநாள் நள்ளிரவில் முடியும். வழியில் வண்டி பழுதாகி மாற்றினால் புது வண்டி எண்ணை இ-வே பில்லின் இரண்டாம் பகுதியில் ஏற்ற வேண்டும். பலரும் கோட்டை விடுவது அங்கேதான்.


#11 சேமிப்புச் சண்டியர்
ஜூன் 20, காலை 9.45

டிஸ்குகள் எத்தனை ஆண்டு பழையவை? ஐந்து ஆண்டு நிற்காமல் ஓடியவை என்றால், அணைத்து ஆறவைத்தால் சில எழாது. யார் என்ன பேக்கிங் செய்தாலும் அது நடக்கும். பழி மட்டும் வண்டிக்காரர் தலையில் விழும்.


#12 எட்டிமடை
ஜூன் 20, காலை 10.10

சண்டியர் முதன்முறையாகச் சரியாகப் பேசியிருக்கிறார். அதனால்தான் நான் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே, நகல் முடிந்த பிறகு, முழுவதையும் ஒருமுறை அணைத்து, இரண்டு மணி நேரம் ஆறவிட்டு, மறுபடி எழுப்பச் சொல்வேன். சாகப்போகிற டிஸ்க் சொந்த வீட்டிலேயே சாகட்டும். மாற்று டிஸ்க் போட்டு ரெய்டு (ஒரு டிஸ்க் போனாலும் தரவு போகாதபடி பல டிஸ்குகளில் பரப்பி வைக்கும் அமைப்பு) மறுபடி நிரம்ப நேரம் இருக்கும்.


#13 சேமிப்புச் சண்டியர்
ஜூன் 20, காலை 10.30

நான் அதை ஏற்கவில்லை. இரண்டு முறை அணைப்பது என்றால் இரண்டு முறை ஆபத்து. ஓடுவதை ஒருமுறைதான் நிறுத்த வேண்டும்.


#14 எட்டிமடை
ஜூன் 20, காலை 11.05

கோவை டேட்டா சென்டரில் ஞாயிறு நள்ளிரவில் மூன்று டிஸ்க் ஒன்றாக எழாமல் நின்றால், அப்போது உங்களைத் தொலைபேசியில் கூப்பிடுகிறேன். நான் கூப்பிட வேண்டியிருந்தவர்கள் யாரும் எடுத்ததில்லை.

அணைக்கும் வரிசை: முதலில் சர்வர்கள், பிறகு கண்ட்ரோலர் (டிஸ்குகளை ஆளும் பகுதி), கடைசியில் டிஸ்குகள் இருக்கும் தட்டுகள். எழுப்பும்போது தலைகீழ். கண்ட்ரோலரின் நினைவில் எழுதப்படாமல் நிற்கும் தரவு டிஸ்குக்கு இறங்கிவிட்டதா என்று பார்க்காமல் மின்சாரத்தை எடுக்காதீர்கள். டிஸ்கைப் பாதி இழுத்து, சுழற்சி நிற்க அரை நிமிடம் கொடுத்து, பிறகு முழுவதும் எடுங்கள். ஒவ்வொன்றிலும் இடத்தின் எண்ணை ஒட்டுங்கள். இப்போதைய பெட்டிகள் டிஸ்க் இடம் மாறினாலும் அடையாளம் கண்டுகொள்ளும் என்பார்கள். கண்டுகொள்ளும்தான். ஆனாலும் ஒட்டுங்கள்.

டிஸ்கை நேரடியாக டிஸ்க் மீது வைக்காதீர்கள். இரண்டு இரும்பும் "டிக்" என்று தொட்டால் போதும், காதுக்குச் சின்னச் சத்தம், உள்ளே பெரிய அதிர்ச்சி. வெள்ளி நிறக் காப்பு உறையில் ஒவ்வொன்றாகப் போட்டு, குழி வெட்டிய ஸ்பாஞ்சில் நிறுத்துங்கள். ரோஜா நிற உறை தன்னளவில் நிலைமின்னைச் சேர்க்காது, அவ்வளவுதான். வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. தெர்மோகோல் கூடவே கூடாது. நிலைமின்னும் சேரும், உதிர்ந்த மணிகள் விசிறிக்குள்ளும் போகும்.


#15 கொழிஞ்சாம்பாறை
ஜூன் 21, மாலை 6.00

யாரும் பேசாத ஒன்று. சந்திரநகரில் ஏற்றுவது யார்? கேரளத்தின் 1978-ம் ஆண்டுச் சுமட்டுத் தொழிலாளர் (சுமை தூக்குவோர்) சட்டம் நடப்பில் இருக்கும் ஊர் இது. வண்டி வந்து நின்றதும் நீலச் சட்டைக்காரர்கள் வருவார்கள். இணையத்தில் எல்லோரும் அவர்களைக் கேலி செய்வதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. என் அப்பா முப்பது ஆண்டு சுமந்தவர். வேலையே செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்ததற்குக் கூலி கேட்கும் நோக்குகூலியை 2018 மே 1 முதல் அரசு தடை செய்துவிட்டது. கேட்டால் கொடுக்க வேண்டாம். அது வேறு, உழைப்பு வேறு.

இரண்டு நாள் முன்பே போய் அவர்களின் தலைவரிடம் பேசுங்கள். இன்ன பொருள், இவ்வளவு எடை, இதைச் சாய்க்கக் கூடாது, இதை நாங்களே தூக்குவோம், ரேக்கையும் பலகையையும் நீங்கள் தூக்குங்கள் என்று எழுதிப் பேசி, கூலியை முடிவு செய்துகொள்ளுங்கள். படிக்கட்டில் பாரத்தை இறக்குவதில் யார் முன்னே நிற்பது, யார் பின்னே தாங்குவது என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு நம் பொறியாளர்களுக்குத் தெரியாது. மோசமாக நடப்பது எப்போது தெரியுமா? காலையில் வண்டியை நிறுத்திவிட்டு வாசலில் வாக்குவாதம் செய்து, எல்லோரும் கோபத்தோடு ஆளுக்கொரு மூலையைப் பிடிக்கும்போது.


#16 செங்கோட்டை சர்வேயர்
ஜூன் 22, இரவு 10.15

பொருள் சேத மதிப்பீடு என் தொழில். ஆரியங்காவு வழியாக வந்து சேரும் உடைசல்களைப் பார்த்தே தலை நரைத்தது. ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன், ஆனால் முழுவதும் படியுங்கள்.

"லாரிக்காரர் பொறுப்பு" என்று நினைக்காதீர்கள். 2007-ம் ஆண்டின் சாலைவழிச் சரக்குச் சட்டத்தின்படி, மதிப்பை முன்கூட்டியே அறிவித்து அதற்கான கூடுதல் கட்டணம் கொடுக்காவிட்டால், அவரது பொறுப்பு கூலியின் பத்து மடங்கோடு நின்றுவிடும். கூலி 9,000 என்றால் 90,000. உங்கள் பெட்டியின் விலை எத்தனை லட்சம்? வழக்குப் போடுவதானால், சரக்கை ஏற்றப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். அறிவிப்பு இல்லையென்றால் வழக்கே இல்லை.

உள்நாட்டுப் பயணக் காப்பீட்டில் ஏ, பி, சி என்று மூன்று வகை. சி என்பது தீயும் மின்னலும்தான். பி-யில் வண்டி கவிழ்ந்தால், மோதினால் கிடைக்கும். கை நழுவி விழுந்தால் ஏ மட்டுமே. எட்டிமடைக்காரர் சொன்ன லிஃப்ட் பள்ளம் நினைவிருக்கிறதா? ஏற்றி இறக்குவதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பழைய இயந்திரம் என்றால், வெளியே அடிபட்ட தடம் இல்லாமல் உள்ளே ஓடாமல் போனால் தர மாட்டோம் என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அந்த வரிக்காகவே புறப்படும் முன் ஓடுகிற நிலையைப் பதிவு செய்து வையுங்கள்: டிஸ்குகளின் உடல்நிலை அறிக்கை, வரிசை எண், படங்கள். தரவுக்குக் காப்பீடு கிடையாது. நோயாளிகளின் படம் தொலைந்தால் 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 250 கோடி ரூபாய் வரை தண்டம் என்று எழுதியிருக்கிறார்கள். நிர்வாகிக்கு அந்த வரியை மட்டும் அச்சடித்துக் கொடுங்கள்.

அதிர்ச்சி காட்டும் ஒட்டுகளை வாங்கிப் பெட்டியின் வெளியே ஒட்டுங்கள். உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழாய் குறிப்பிட்ட அதிர்ச்சிக்குமேல் சிவந்துவிடும். மஞ்சள் 25 ஜி, சிவப்பு 50, ஆரஞ்சு 75 என்று நிறத்துக்கு ஒரு அளவு. ஒட்டு சிவந்திருந்தால் பொருளைத் திருப்பி அனுப்பாதீர்கள். வாங்கிக்கொண்டு, கையெழுத்துப் போடும் முன் லாரி ரசீதின் பிரதியிலேயே "ஒட்டு சிவந்த நிலையில் பெறப்பட்டது" என்று எழுதுங்கள். சுத்தமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுநாள் என்னைக் கூப்பிட்டால் நான் வந்து காபி குடித்துவிட்டுத்தான் போக முடியும்.


#17 பலமனேர் சாலை
ஜூன் 23, காலை 6.40

நான் ஆந்திரத்துச் சித்தூர்ப் பக்கம். எங்களுக்கு மழை கிடையாது, வெயில்தான் வில்லன். மே மாதம் மதியச் சாப்பாட்டுக்கு மூடிய வண்டியை வெட்டவெளியில் நிறுத்தினார்கள். டிஸ்க் ஓடாத நிலையில் 70 டிகிரி தாங்கும். டேப்புக்குப் பயண எல்லை 49 தான். இரும்புக் கூண்டுக்குள் அதை எட்ட அதிக நேரம் ஆகாது. நிழல் பார்த்து நிறுத்தச் சொல்லுங்கள், வேறு ஒன்றும் இல்லை.


#18 பாலக்காட்டுக் காற்று
ஜூலை 14, இரவு 11.30

முடிந்தது. யாருக்காவது பயன்படட்டும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

டேப் நகலுக்கு எட்டு நாள் என்றார் கிழவர், பதினொன்று ஆயிற்று. மீட்டுப் பார்த்ததில் ஒரு டேப்பைப் படிக்க முடியவில்லை. அதை மறுபடி எழுதினேன். கோவைக்குப் போய் வைத்துவிட்டு வந்தேன், மடியில்தான்.

அடுத்து ஒத்திகை அணைப்பு. எழுப்பியபோது 84-ல் ஒன்று, 37-ம் எண், எழவில்லை. சண்டியர் "சொன்னேனே" என்பார், எட்டிமடையாரும் "சொன்னேனே" என்பார். மாற்று டிஸ்க் போட்டு அது நிரம்பும்வரை எனக்குத் தூக்கமில்லை.

ஏழு பெட்டி, பெட்டிக்குப் பன்னிரண்டு டிஸ்க். கஞ்சிக்கோட்டில் ஒரு ஸ்பாஞ்ச் கடையில் குழி வெட்டி வாங்கினேன். ஞாயிறு விடியற்காலை அறைக்குள்ளேயே எல்லாவற்றையும் உறையில் சுற்றினோம். வெளியே கொண்டுவந்த ஐந்தாவது நிமிடம் உறை முழுவதும் முத்து முத்தாக நீர். விரலால் கோடு போட்டுக் காட்டினேன். அதுவரை என்னைப் பைத்தியம்போலப் பார்த்துக்கொண்டிருந்த நிர்வாகி வாயை மூடிக்கொண்டார். லிஃப்டில் இரும்புத் தகடு போட்டோம். ரேக்கைச் சுமட்டுத் தொழிலாளர்கள் ஐந்து பேர் இறக்கினார்கள். முதல் நாளே பேசி வைத்திருந்ததால் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை. அவர்களில் மூத்தவர் தகட்டைத் தட்டிப் பார்த்து, நன்றாக இருக்கிறது, எங்கே வாங்கினாய் என்று கேட்டார்.

நான்கு மணிக்குக் கிளம்பி ஐந்தே முக்காலுக்கு உள்ளே. வழியில் ஒன்றும் நடக்கவில்லை.

கோவையில் இறக்கும்போது நாலாவது பெட்டியின் ஒட்டு சிவந்துவிட்டது. போட்டது நான்தான். தூக்கத்தில் தடுமாறி, முழங்கால் உயரத்திலிருந்து தரையில் வைத்தேன் என்று நினைத்து விட்டுவிட்டேன். வண்டிக்காரர் என்னைப் பார்த்தார், நான் ரசீதைப் பார்த்தேன். சர்வேயர் சொன்னபடி எழுதினேன், யார் கையில் நடந்தது என்பதையும் சேர்த்து. அந்தப் பன்னிரண்டு டிஸ்குகளையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படிக்க வைத்தேன். பிழை எதுவும் வரவில்லை. ஆனாலும் அவற்றை மட்டும் தினமும் பார்க்கிறேன்.


#19 சேமிப்புச் சண்டியர்
ஜூலை 14, இரவு 11.52

சொன்னேனே.


#20 கூத்தாட்டுகுளம் வழி
ஜூலை 20, காலை 9.10

இழை முழுவதும் படித்தேன். நாங்கள் அடுத்த மாதம் பாலக்காட்டிலிருந்து காக்கநாட்டுக்கு 60 டிஸ்க் கொண்டுபோகிறோம். குதிரான் ஏற்றம் பற்றித்தான் முதலில் பயந்தேன். அந்தப் பெட்டிகளை என்ன செய்தீர்கள்?


#21 பாலக்காட்டுக் காற்று
ஜூலை 20, பிற்பகல் 1.30

குதிரானில் 2021-ல் சுரங்கப்பாதை திறந்துவிட்டார்கள், பயம் வேண்டாம். பெட்டிகள் ஏழும் சந்திரநகர் அலுவலகத்து மாடிப்படிக்குக் கீழே இருக்கின்றன. பழைய பேப்பர்காரர் இரண்டு முறை வந்து விலை கேட்டுவிட்டார். ஐந்து போதும் உங்களுக்கு. தனிச்செய்தி அனுப்புங்கள். தகட்டையும் தருகிறேன், ஆனால் அது திரும்பி வர வேண்டும்.